கைகழுவும் இடம்: தாதியர், பிஎச்ஐமாரிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இரண்டு கேள்வி

வாகரைப் பக்கம் ஒரு ஆரம்பப் பாடசாலையில் பைப் இல்லாமல் கைகழுவும் இடம் அமைக்கிறோம். 5 லீட்டர் கேனின் அடியில் ஆணியைச் சூடாக்கி 2 மில்லிமீட்டர் துளை. மூடியைத் தளர்த்தினால் காற்று உள்ளே போய்த் துளையால தண்ணீர் ஒழுகும், இறுக்கினால் நிற்கும். இறுக்காமல் ஓடினால் கேன் காலி. சவர்க்காரத்தை வலைப்பையில் கட்டவேணும், இல்லாட்டி காகம் தூக்கிடும். கீழே சரளைக்கல் குழி. தண்ணி தேங்கினா நுளம்புதான்.

கரைச்சல் கிணற்றுத் தண்ணீரில். கல்சியம், மக்னீசியம் கூடினதால சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளையாப் படியுது. 1.5 லீட்டர் போத்தலுக்கு 30 கிராம் சலவைத்தூள் கரைத்தால் நுரைக்கும். ஆனால் கையில் சிரங்கு, வெடிப்பு உள்ள பிள்ளைக்கு எரியுமே, எவ்வளவுக்குக் குறைக்கலாம்?

அடுத்தது, கிருமிக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளைக் கையில் பூசி, முதலில் வெறும் தண்ணியிலும் பிறகு சவர்க்காரம் போட்டும் கழுவிக் காட்டப்போகிறோம். நகக்கண்ணில் எது மிஞ்சுது என்பதைப் பிள்ளையே பார்க்கட்டும். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அதை முதலே சொல்லிடணும், ரத்தமெண்டு அழும்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவேண்டிய "20 செக்கன்" தரம் 2 பிள்ளைக்கு விளங்காது. அந்த நேரத்துக்குச் சரியாக வரும் நம்மட ஊர்ப் பாட்டு வரி தெரிஞ்சவங்க கீழே போடுங்க.