சோக் போட்டால் மட்டும் ஓடும் ஜெனரேட்டர்: கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பட்டுக்கோட்டைத் தோப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததையும், அதன்பின் டெல்டா கிராமங்கள் பல வாரங்கள் இருளில் கிடந்ததையும் இங்குள்ள பலர் அறிவீர்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் போகும்போது ஓடும். மற்ற மாதங்களில் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கும். சென்ற மழைக்காலம் முடிந்தபோது டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. அதை அப்படியே விட்டுவைத்திருந்தோம்.

இப்போது கயிற்றை இழுத்தால் இன்ஜின் எளிதில் பற்றிக்கொள்கிறது. ஆனால் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் தகட்டை) முழுவதும் எடுத்த உடனே நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதியில் நிறுத்தினால் ஓடுகிறது என்றாலும், வேகம் நிலையாக இல்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. விளக்குகளும் அதற்கேற்பப் பிரகாசித்து மங்குகின்றன. எனக்குப் புரியாத செய்தி என்னவென்றால், ஃப்ரிட்ஜையும் மின்விசிறிகளையும் இணைத்துச் சுமை ஏற்றினால் ஓட்டம் ஓரளவு சீராகிவிடுகிறது.

ஸ்பார்க் பிளக்கைப் புதிதாக மாற்றியாயிற்று. ஏர் ஃபில்டரையும் கழுவிக் காயவைத்துப் போட்டாயிற்று. உள்ளூர் மெக்கானிக் ஒருவர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவரோ, எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இதற்கெல்லாம் காரணம், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை என்கிறார். இருசக்கர வாகனத்தின் சிறு பழுதுகளை நானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் உண்டு. இதையும் நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிற்றின்ஜின் பட்டறை (பதில்)

வணக்கம் ஐயா. தாராளமாக நீங்களே செய்யலாம். உங்களுக்குப் புரியவில்லை என்று சொன்ன அந்தச் செய்தியிலேயே பழுது இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது.

சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்கு நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற வேகத்தில் ஓட வேண்டும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேகத்தைக் கவர்னர் பிடித்து வைத்திருக்கும். சுமை இல்லாதபோது, இன்ஜினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிய நிலையில் இருப்பதால், இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோலில் பெரும்பகுதி பைலட் ஜெட் என்னும் சிறிய ஜெட்டின் (பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைத் துண்டின்) வழியாகவே வருகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அது அடைபட்டால் பெட்ரோல் குறைந்து வேகம் விழுகிறது. கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறது. அப்போது பெரிய ஜெட்டான மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் வந்து வேகம் கூடுகிறது. உடனே கவர்னர் மூடுகிறது. மறுபடியும் வேகம் விழுகிறது. நீங்கள் காணும் ஏற்ற இறக்கம் இதுதான். சுமை ஏற்றும்போது த்ராட்டில் திறந்தே இருப்பதால் மெயின் ஜெட் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது, ஓட்டம் சீராகிறது. இதற்கு மாறாக, சும்மா ஓடும்போது நன்றாக ஓடிச் சுமை போட்டதும் திணறினால், மெயின் ஜெட்டையோ பெட்ரோல் வரும் வழியையோ சந்தேகிக்க வேண்டும். எனவே உங்கள் கார்புரேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது பைலட் ஜெட்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் திருகுக் குழாயான காக்கை மூடி, கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா, துரு வந்து படிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். துரு வந்தால் அது பெரும்பாலும் டேங்கிலிருந்து வருவது. டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்த பின் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள் தெரியும். பெரும்பாலானவற்றுக்கு 10 எண் ஸ்பானர் போதும். வெளியே இழுப்பதற்கு முன் கவர்னர் கம்பியும் அதை ஒட்டிய மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியை நிமிர்த்துவதோ வளைப்பதோ கூடாது. கார்புரேட்டரைச் சாய்த்தால் அதுவே கழன்று வரும். பேக்கிங்குகளும் நடுவிலுள்ள கறுப்புத் தகடும் இருந்த வரிசையையும் படத்தில் பதிந்துகொள்ளுங்கள். பேக்கிங் கிழிந்திருந்தால் அதன் வழியே காற்று புகுந்து, எவ்வளவு சுத்தம் செய்தாலும் இதே பழுது தொடரும்.

அடியிலுள்ள போல்ட்டை எடுத்தால், பெட்ரோல் தேங்கும் கிண்ணம் வந்துவிடும். மிதவையைப் பிடித்திருக்கும் ஊசி போன்ற முள்ளை உருவினால், மிதவையும், அது உயரும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வும் கைக்கு வரும். நடுத்தூணில் இருப்பது மெயின் ஜெட். அது பித்தளை என்பதால், பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். அதை எடுத்ததும் மேலிருந்து பக்கவாட்டுத் துளைகள் கொண்ட குழாய் ஒன்று விழும்; அந்தத் துளைகளும் அடைபடக்கூடியவையே. பைலட் ஜெட்டைத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். பல மாடல்களில் அது கார்புரேட்டரின் மேல்பக்கத்தில், வேகத்தைச் சரிசெய்யும் திருகுக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக் துண்டாக ஒளிந்திருக்கும். அந்தத் திருகை எடுத்துவிட்டு மெல்ல நெம்பினால் வரும்.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொரு துளையிலும் அடித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபக்கத்திலிருந்தும் அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், ஏனெனில் அது எந்தத் துளை வழியாகத் திரும்பிப் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்கம்பிக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து நுழைத்துப் பாருங்கள். தையல் ஊசி, குண்டூசி, துளையிடும் பிட் எதையும் உள்ளே விடாதீர்கள். துளை ஒரு நூலளவு பெரிதானாலும் அந்த ஜெட் அதன்பின் உதவாது. இறுதியில் பஞ்சர் கடைக்கு எடுத்துச் சென்று கம்ப்ரஸர் காற்றால் எல்லா வழிகளையும் ஊதிவிடுங்கள். உடலுக்குள் குடைந்திருக்கும் பாதைகளை ஸ்பிரே மட்டுமே சுத்தம் செய்துவிடாது. ரப்பர் வளையங்களையும் பிளாஸ்டிக் மிதவையையும் கிளீனரில் ஊறவைக்க வேண்டாம்.

பைலட் ஜெட்டின் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூ இருந்து, அது திறக்கக்கூடியதாகவும் இருந்தால், முதலில் மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுங்கள்.

கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்து உலோகம் அரித்திருந்தால் மட்டும் புதிய கார்புரேட்டரை எண்ணலாம். மற்றபடி, மலிவாகக் கிடைக்கும் நகல்களில் ஜெட் அளவு பொருந்தாமல் தொல்லை தருவதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் பழையதைச் சுத்தம் செய்வதே மேல்.

வேதியியல் ஆசிரியர் (பதில்)

எத்தனால் பற்றி மட்டும் சில வார்த்தைகள். நம் நாட்டில் 2022-இல் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் கலப்பு, 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன் விற்ற ஜெனரேட்டர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெட்டை அடைக்கும் பிசின் படிவதற்கு எத்தனால் தேவையில்லை. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலில் இலகுவான பகுதிகள் முதலில் ஆவியாகிவிட, எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாக மாறுகிறது. கலப்பில்லாத பெட்ரோல் விற்ற காலத்திலும் இதே பழுது இருந்தது.

எத்தனால் செய்வது வேறு. அது தண்ணீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும், கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான். காற்றின் ஈரத்தால் மட்டும் இது எளிதில் நேராது. மூடியின் வழியே மழைநீர் இறங்குவதே பெரும்பாலும் காரணம் என்பதால், உங்கள் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள். மேலும், பெட்ரோல் 1 கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். தூய எத்தனாலுக்கு 9 கிலோ போதும். காரில் இருக்கும் உணர்கருவி இந்த வேறுபாட்டை ஈடுசெய்யும். உங்கள் கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. எனவே அதே ஜெட்டில் 20 சதவீதக் கலப்பு சற்றுப் பெட்ரோல் குறைந்த கலவையாகவே எரியும். பாதி அடைபட்ட பைலட் ஜெட், முன்பு தாங்கியதை இப்போது தாங்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. சுத்தம் செய்வதால் பயனில்லை என்ற முடிவு சரியல்ல.

மைக்செட் வாடகை (பதில்)

திருவிழாக் காலம் தவிர எங்கள் ஜெனரேட்டர்களும் சும்மா நிற்பவைதான். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் டேங்கைக் காலி செய்து, காக்கை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுவோம். அத்தோடு விட்டுவிடக் கூடாது. அதன் பிறகும் கிண்ணத்தின் அடியில் சிறிது பெட்ரோல் மிஞ்சும், பிசினாவது அதுதான். வடிகால் திருகைத் திறந்து அதையும் வடித்துவிடுங்கள். காலி செய்ய மனமில்லை என்றால் மாதம் ஒரு முறை, கட்டாயம் சுமையோடு, கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். வெளியே வைத்து ஓட்டுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது.

இன்னொன்று: வேகம் ஏறி இறங்குவதை மறைக்கக் கவர்னர் திருகை முறுக்கிவிடும் ஆள்கள் இருக்கிறார்கள். வோல்டேஜும் ஹெர்ட்ஸும் அளவு மீறிப் போய், டிவியும் ஆம்ப்ளிஃபயரும் கருகியதை நேரில் கண்டிருக்கிறேன். கார்புரேட்டர் சுத்தமான பிறகு, ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சுமை இல்லாமல் 50-க்குச் சற்று மேலே, 52 வரை இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பட்டுக்கோட்டைத் தோப்பு

மூவருக்கும் நன்றி. பைலட் ஜெட் முழுக்க அடைபட்டிருந்தது. நீங்கள் சொன்ன இடத்திலேயே கிடைத்தது. டேங்கிலும் சிறிது துரு இருந்ததால் அதையும் கழுவினேன். இப்போது சோக் இல்லாமல் சீராக ஓடுகிறது. ஆனால் ஓடாமல் நிற்கும்போது, காக் திறந்திருந்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. முன்பு இப்படி இல்லை. மிதவையைத் தவறாக மாட்டிவிட்டேனா?

சிற்றின்ஜின் பட்டறை (பதில்)

உடனே காக்கை மூடிவிடுங்கள் ஐயா. சரிசெய்யும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம். டேங்கைக் கழுவியபோது கிளம்பிய துகள் ஒன்று நீடில் வால்வு உட்காரும் இடத்தில் சிக்கியிருக்கும். கிண்ணத்தை மறுபடி இறக்கி, வால்வின் கூர்முனையில் வளையம்போல் தேய்மானத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வால்வை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து ஊதினால் போதும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. காக்குக்குக் கீழே சிறிய ஃபில்டர் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

மீண்டும் இயக்கும் முன் இன்ஜின் ஆயில் அளவைக் கட்டாயம் பாருங்கள். சொட்டிய பெட்ரோல் எல்லாம் வெளியே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி உள்ளே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கலாம். அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயிலை முழுவதும் மாற்றிய பிறகே கயிற்றை இழுங்கள்.