திரையில் குரல்நாண் தெரியுது, டியூப் ஏன் போகமாட்டேங்குது?

கேள்வி:
மயக்க மருந்து கொடுத்த நோயாளிக்கு மூச்சுக்குழாயில் சுவாச டியூப் போடறேன். வளைவு அதிகமான வீடியோ பிளேடில் (நுனியில் கேமரா உள்ள, தொண்டையைத் திறந்து பார்க்கும் கருவி) குரல்நாண் முழுசாகத் தெரியுது. டியூப் மட்டும் அரிட்டினாய்டில் (குரல்நாணுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு) முட்டி நிக்குது. மேக்கின்டாஷில் (கேமரா இல்லாம நேராகப் பார்க்கும், வளைவு குறைந்த வழக்கமான பிளேடு), நாண் தெரிஞ்சா டியூப் போயிடும். சாதாரண அறுவை நோயாளிக்கும் வீடியோதான் முதலில் எடுக்கணுமா?

பதில் 1:
முழுசாகத் தெரியறதுதான் சிக்கலே, டாக்டர். பிளேடு ரொம்ப உள்ளே போனதால் குரல்வளை மேலே தூக்கி முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு. 1–2 செ.மீ. வெளியே இழுங்க. திரையின் மேல்பாதியில் நாண் பாதி தெரிஞ்சாலே போதும். ஸ்டைலெட் (டியூபுக்குள் போடும், வளைக்கக்கூடிய கம்பி) வளைவு பிளேடு வளைவோடு பொருந்தணும், 60 டிகிரியாவது வேணும். மேக்கின்டாஷுக்கு வளைக்கிற 35 டிகிரி இங்கே எட்டாது.

நுனி நாணைத் தாண்டினதும் தள்ளாதீங்க. உதவியாளரை ஸ்டைலெட்டை 3–4 செ.மீ. உருவச் சொல்லிட்டு அப்புறம் இறக்குங்க. மூச்சுக்குழாயின் முன்சுவரில் இடிச்சா டியூபைக் கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்புங்க. டியூப் நுனியின் சாய்வெட்டு முன்னோக்கித் திரும்பும், முனை சுவரை விட்டு விலகும்.

கேட்டவர்:
பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய நீண்ட குச்சி) போட்டுப் பார்க்கலாமா?

பதில் 2:
மேக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடுன்னா தாராளமா. அதிக வளைவுக்குச் சாதா பூஜி சரிவராது, வளைச்சாலும் நிமிர்ந்துடும்.

ஒண்ணு கவனிங்க: டியூபை வாய்க்குள் விடும்போது கண் திரையில் இருக்கவே கூடாது. நுனி நாக்கின் பின்பகுதியைத் தாண்டும் வரை வாயைப் பாருங்க, பிறகு திரை. மென்அண்ணமும் டான்சில் தூணும் கிழியறது கேமராவுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான். அதிக வளைவு பிளேடு நடுக்கோட்டிலேயே போகணும், நாக்கை ஒதுக்க வேண்டாம்.

பதில் 3:
சாதாரண நோயாளிக்கும் வீடியோதான் முதலிலான்னு கேட்டதுக்கு: ஆமா, வீடியோதான். 2024-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வு, இதயம், நெஞ்சறை, ரத்தக்குழாய் அறுவைகள் 8,429. ஒண்ணுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது வீடியோவில் 1.7%, கேமரா இல்லாம நேரடியாகப் பார்த்துப் போட்டதில் 7.6%. இதே அதிக வளைவு பிளேடுதான். ஒரே மருத்துவமனை என்பதை மனசில் வச்சுக்கணும், ஆனா இந்த வித்தியாசத்தை ஒதுக்கிட முடியாது.

ரத்தமோ வாந்தியோ லென்ஸில் அப்பினா திரை பயன்படாது. அதனால் உறிஞ்சுகுழாயை பிளேடுக்கு முன்னாடியே விடுங்க. அங்கே மேக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடே நல்லது, திரை மங்கினாலும் நேராகப் பார்த்துப் போடலாம். மாணவர்களுக்கும் அதையே கொடுங்க: அவங்க வாயைப் பார்க்கட்டும், திரையை ஆசிரியர் பக்கம் திருப்பி வைங்க.