அவசரம்: அம்மாவின் வீட்டுத் துப்புரவுத் தொழிலுக்கு அதிகாரப் பத்திரம் எடுப்பது எப்படி?

செங்காங்வாசி:
வணக்கம். அம்மா சிங்கப்பூரில் நடத்திவரும் வீட்டுத் துப்புரவுத் தொழில் கைவிட்டுப் போகாமல் காப்பாற்ற வேண்டும். அவர் சார்பில் நான் செயல்பட என் பெயரில் ஓர் அதிகாரப் பத்திரம் இருந்தால் போதும் என்கிறார் உறவினர் ஒருவர். எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், எத்தனை நாள் ஆகும்? ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் நாள் நெருங்கிவிட்டது. வங்கியோ என்னிடம் பேசவே மறுக்கிறது.

ரிவர்வேல்:
தொழில் அக்ரா எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் தனியுரிமைத் தொழிலாகப் பதிவாகியுள்ளதா, பிரைவேட் லிமிடெட் நிறுவனமா? அம்மா இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்? இவற்றைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

தேக்காக்காரன்:
இதற்கு ஏன் இத்தனை கேள்வி? முத்திரைத்தாள் ஒன்றில் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கினால் முடிந்தது. எங்கள் ஊர் நிலத்துக்கு அப்படித்தான் செய்தோம்.

பழைய கணக்கர்:
ஊரிலுள்ள நிலத்துக்கும் இங்குள்ள தொழிலுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ஆலோசனை சொல்வதைத் தவிர்க்கலாம். கேள்வி கேட்டவரும் முதலில், மனத்திறனை இழப்பவர்களுக்காக யார் முடிவெடுப்பது என்று கூறும் மனநலத் திறன் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். அது 2008ஆம் ஆண்டிலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறது.

செங்காங்வாசி:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். தனியுரிமைத் தொழில், அம்மாவின் பெயரில் மட்டும். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். சென்ற வாரம் அம்மாவுக்கு இலேசான பக்கவாதம் வந்தது. பேச்சு தடுமாறுகிறது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுச் சாவிகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். நேற்று அதைக் கட்டிலருகே கொண்டுபோனபோது, பச்சை அட்டை கட்டிய சாவி புதன்கிழமை வீட்டுக்குரியது என்றும், அந்த வீட்டுப் பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார் என்றும் திக்கித் திக்கிச் சொன்னார்.

ரிவர்வேல்:
அப்படியானால் காலம் தாழ்த்தாதீர்கள். உங்களுக்குத் தேவை ஒன்றல்ல, இரண்டு பத்திரங்கள். சாதாரண அதிகாரப் பத்திரம் அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்போதே செயல்படும். அவர் மனத்திறனை இழந்தால் அன்றே செல்லாமல் போகும். எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம் நேர்மாறானது. அவர் திறனை இழந்த பிறகே உயிர் பெறும், ஆனால் திறன் இருக்கும்போதே கையெழுத்திட்டிருக்க வேண்டும். பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாவதற்கு முன் மூன்று வாரக் காத்திருப்பும் உண்டு. ஆகவே இந்த மாதச் சம்பளத்துக்கு முதல் பத்திரம், பின்னாளுக்கு இரண்டாவது.

பேச்சு தடுமாறுவதால் மட்டும் ஒருவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. இல்லையென நிறுவப்படும்வரை இருக்கிறது என்றே சட்டம் கொள்கிறது. எல்பிஏவுக்குச் சான்றளிப்பவர் வழக்கறிஞராகவோ, மனநல மருத்துவராகவோ, அங்கீகாரம் பெற்ற மருத்துவராகவோ இருக்கலாம். பொதுவான அதிகாரங்களுக்குப் படிவம் 1 போதும். தொழிலுக்கென்று தனி நிபந்தனைகள் எழுத விரும்பினால் படிவம் 2, அதை வழக்கறிஞர்தான் வரைய வேண்டும்.

பழைய கணக்கர்:
இவ்வளவு சுற்றுவது எதற்கு? பிரைவேட் லிமிடெட்டாக மாற்றிவிட்டால் நிறுவனம் தனிச் சட்ட ஆளாகிவிடும். ஆள் படுத்தாலும் தொழில் நிற்காது. இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன்.

ரிவர்வேல்:
ஐயா, இயக்குநர் ஒருவர் மட்டும் இருந்து அவரே படுத்துவிட்டால் நிறுவனமும் நிற்கும். எல்பிஏ பெற்றவர் அம்மாவின் பங்குகளைக் கவனிக்கலாமே தவிர, அவருடைய இயக்குநர் நாற்காலியில் உட்கார முடியாது. அம்மாவைத் தவிர இன்னோர் இயக்குநரும் இருந்தால்தான் நீங்கள் சொல்வது பலிக்கும்.

பழைய கணக்கர்:
இன்னோர் இயக்குநரைச் சேர்ப்பது என்பது சொல்லாமலே விளங்க வேண்டிய விஷயம்.

தேக்காக்காரன்:
விளங்க வேண்டியதை எல்லாம் சொல்லாமல் விடுவதுதான் உங்கள் வழக்கம். நான் கேட்கிறேன், அம்மாவின் சிங்பாஸில், அதாவது அரசாங்க மின்-அடையாளக் கணக்கில், நுழைந்து சம்பளத்தைப் போட்டுவிட்டால் என்ன?

ஈசூன் அக்கா:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பிறருடைய சிங்பாஸைப் பயன்படுத்துவது தனித் தொல்லை. வங்கிக்கு அம்மாவின் கையெழுத்தோடு சென்று, கணக்கில் உங்களையும் கையொப்பமிடுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கிகள் பெரும்பாலும் தங்கள் படிவத்தையே கேட்கும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், மறுமாதம் 14ஆம் தேதிக்குள் மசேநிதியும் (மத்திய சேமநிதிச் சந்தா) போயாக வேண்டும். உரிமையாளர் மருத்துவமனையில் இருப்பது விலக்காகாது. இன்னொன்று, சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: இரண்டு பத்திரங்களும் செல்லுபடியாவது அம்மா உயிரோடு இருக்கும்வரைதான். அதற்கு அப்பால் உயில் வேண்டும்.

செங்காங்வாசி:
வழக்கறிஞர் இன்று வார்டுக்கே வந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். இரண்டிலும் கையெழுத்தாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

ஈசூன் அக்கா:
மகிழ்ச்சி. வங்கி என்ன சொன்னது?