மல்லிகை குடியிருப்பு, பி பிளாக் குழு

[காலை 8.41] சரோஜா: ராமநாதன் சார், போக்குவரத்து அபராத ரசீது என்று குழுவில் ஏதோ போட்டிருக்கிறீர்களே, யாருக்கு அபராதம்? எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது!

[8.43] முருகன்: யாரும் தொடாதீர்கள். கோப்பின் பெயர் "ஏபிகே" என்று முடிகிறது பாருங்கள். அது ரசீது இல்லை, செயலி.

[8.44] ராமநாதன்: நான் எதையும் அனுப்பவில்லை. நேற்றிரவு மைத்துனர் எண்ணிலிருந்து எனக்கும் இதேதான் வந்தது. சரிபார்க்க ஒரு ரூபாய் கட்டச் சொன்னது, கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை தம்பி.

[8.46] முருகன்: சொல்லவே வேண்டாம் சார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும், கொடுத்திருப்பீர்கள். உங்களுக்கு வரும் ஓடிபி அப்படியே மோசடிக்காரனுக்கும் போகும். குழுவுக்கு அனுப்பியதும் அந்தச் செயலியின் வேலைதான். போனில் இணையத்தைத் துண்டியுங்கள், வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள்.

[8.52] கவிதா: மாமாவின் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டேன். கார்டையும் முடக்கியாயிற்று. ஆனால் 18,500 ரூபாய் போயிருக்கிறது.

[8.53] சுந்தரம்: காவல் நிலையத்துக்கு நானும் வருகிறேன் அம்மா. பத்து மணிக்குப் போகலாமா?

[8.54] முருகன்: பத்து மணி வரை எதற்கு மாமா? கவிதா, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கையை விட்டுப் போவதற்குள் தகவல் சேர்ந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

[8.58] பத்மா மாமி: முப்பது வருடம் வங்கியில் இருந்தவள் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணம், வங்கியிடம் சொல்லும்வரை நம் தலையில்தான். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கேட்டு வாங்கு கவிதா. "பார்க்கிறோம் மேடம்" என்றால் விட்டுவிடாதே.

[9.01] சரோஜா: நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் வந்தது. இன்னும் திறக்கவில்லை.

[9.02] முருகன்: அதுவும் "ஏபிகே"யா என்று பாருங்கள் அக்கா.

[9.03] சரோஜா: ஆமாம்! அழித்துவிட்டேன்.

[9.05] முருகன்: ராமநாதன் சார் எண்ணை இப்போதைக்குக் குழுவிலிருந்து நீக்குகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

[9.19] கவிதா: 1930இல் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். இணையதளத்தில் மீதி விவரங்களைக் கொடுத்துவிட்டு வங்கிக்குக் கிளம்புகிறோம். மாமி, கூட வருகிறீர்களா?

[9.20] பத்மா மாமி: கீழே நிற்கிறேன், வா.