எக்ஸ்ட்ராக்ட் = சாறு? கரப்பான் மருந்துகளை முன்வைத்து ஒரு சொல் தேடல்

மடல் 1: மருத்துவ மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எக்ஸ்ட்ராக்ட் என்பதற்குச் சாறு, பிழிவு, சாரம், வடிசாறு என்று பல சொற்கள் புழங்குகின்றன. நாளிதழ்களில் பெரும்பாலும் "சாறு"தான். சமையல் குறிப்பில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நான் எழுதும் கையேட்டைப் போல, கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோயைப் பற்றி எழுதும்போது கெடுதல் உண்டு.

ஈரானில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதிமதுர எக்ஸ்ட்ராக்ட் 1%, 2% என இரு அளவில் கலந்த ஜெல்லை இரண்டு வாரம் பூசினார்கள். சிவப்பு, வீக்கம், அரிப்பு மூன்றும் குறைந்தன. 2% ஜெல் கூடுதலாகக் கேட்டது. இதை "அதிமதுரச் சாறு 2%" என்று எழுதினால் படிக்கிற தாய் என்ன செய்வார்? வேரை நசுக்கித் தண்ணீர் விட்டுப் பிழிந்து, பிள்ளையின் முழங்கை மடிப்பில் தடவிவிடுவார். கரப்பான் வந்த தோலில் மேலரண் முன்பே பழுதுபட்டிருக்கிறது. நல்ல தோலில் 4.5 முதல் 5.5 வரை இருக்கும் பிஎச் (அமில-கார அளவு) அங்கே ஏறியிருக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியும் பெரும்பாலும் குடிகொண்டிருக்கும். வேரோடு வந்த மண்ணும் பூஞ்சை வித்தும் அந்த வெடிப்புக்குள் நேரே இறங்கும்.

ஆகவே "சாறு" பச்சையாகப் பிழிந்ததற்கு மட்டும் இருக்கட்டும். கரைப்பானில் கரைத்து, வடித்து, செறிவாக்கியதற்கு "கரைவடி" என்ற சொல்லை முன்வைக்கிறேன். கரைந்து வந்த வடி என்று வினைத்தொகையாக விரியும். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மடல் 2: மருந்தாக்கவியல் ஆசிரியர்

> கரைப்பானில் கரைத்து, வடித்து, செறிவாக்கியதற்கு

சரியான வரையறை. ஆய்வுக்கூட வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

மூலிகையில் எத்தனாலில் கரையக்கூடியது எவ்வளவு என்று பார்க்க இந்திய ஆயுர்வேத மருந்தேட்டில் (ஃபார்மகோபியா) ஒரு முறை இருக்கிறது. காயவைத்துப் பருபருவென்று இடித்த தூள் 5 கிராம், குறித்த வலிமையுள்ள எத்தனால் 100 மி.லி. இரண்டையும் மூடிய குடுவையில் சேர்த்து 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். முதல் 6 மணி நேரம் அடிக்கடி குலுக்க வேண்டும், மிச்சம் 18 மணி நேரம் அசைக்கக் கூடாது. பிறகு எத்தனால் ஆவியாகிப் போகாதபடி விரைவாக வடிகட்டி, அதில் 25 மி.லி.யைத் தட்டையான கிண்ணத்தில் வற்றவைத்து 105 டிகிரியில் உலர்த்தி எடைபோட வேண்டும்.

கணக்கில் தடுமாறும் இடம் கடைசிப் படிதான். கிண்ணத்தில் 0.25 கிராம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 5 கிராமால் வகுத்தால் 5% என்று வரும், அது தவறு. 25 மி.லி.யில் இருப்பது 1.25 கிராம் தூளின் பங்கு. ஆகவே 0.25 ÷ 1.25 = 20%. அப்படியென்றால் ஐந்து பங்கு வேரிலிருந்து ஒரு பங்கு கரைவடி, 5:1. இந்தக் கரைவடியை 2% சேர்த்த 100 கிராம் களிம்பில் 10 கிராம் வேரின் கரைபொருள் இருக்கிறது. "சாறு 2%" என்று எழுதினால் இந்தக் கணக்கே காணாமல் போகும்.

தூளை மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிக் கொரகொரவென்று விட்டாலோ உள்ளே இருப்பது முழுதாக வெளியே வராது. காய்ந்த கரைவடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துக் கட்டிதட்டும். அதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளை ஏற்றுபொருளாகச் சேர்ப்பார்கள். பாதிக்குப் பாதி சேர்த்துவிட்டு அந்தக் கலவைக்கே 5:1 என்று போட்டால் அது பொய்க்கணக்கு. அதனால் "தூய கரைவடி", "ஏற்றுபொருள் சேர்த்த கரைவடி" என்று இரண்டு கிளைச்சொற்களும் இப்போதே வேண்டும்.

மடல் 3: சித்த மருத்துவர்

ஐயா, அம்மா, இருவர் மடலும் படித்தேன். "சாறு" பொருந்தாது என்பதில் எனக்கும் உடன்பாடு. சித்தத்தில் அக மருந்து 32 வகை. அதில் சுரசம் வேறு, சாறு வேறு. இடித்துப் பிழிந்தது சாறு, அதையே காய்ச்சினால் சுரசம். எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டக் காய்ச்சுவது குடிநீர். வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைக்கும் கலத்தில், வடிப்பது தீநீர். இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்த மொழியில் எல்லாவற்றையும் சாற்றுக்குள் தள்ளுவது நியாயமில்லை.

"சத்து" என்று யாராவது சொல்லுமுன் நானே மறித்துவிடுகிறேன். அது 32-இல் ஒன்றாக முன்பே இடம்பிடித்துவிட்டது. "சாரம்" என்றால் எங்களுக்கு நவச்சாரம் போன்ற உப்பினம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ஒரு வேண்டுகோள். சித்த மருந்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தால் அதன்மேல் புதுச்சொல்லை ஒட்டாதீர்கள். வெட்பாலைத் தைலம் நல்ல எடுத்துக்காட்டு. பச்சை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைப்போம். பச்சை வெளிறி, எண்ணெய் கருஞ்சிவப்பாகி, பிறகு நாவற்பழ நிறத்துக்கு வரும். இலையில் உள்ள சாயத்தின் மூலப்பொருள் உடைந்து எண்ணெயில் இறங்குவதால் வரும் நிறம் அது. இலையில் நீர்ப்பசை ஒட்டியிருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்து அடியில் பூசணம் கட்டும். வேதியியல்படி இதுவும் கரைவடிதான், ஆனாலும் தைலம் தைலமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, கார்போகரிசி. தோல் நோய்க்கெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். அதிலுள்ள சோராலென் புற ஊதா ஒளியோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். எத்தனால் கரைவடியில் அது செறிந்து வரும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம்தான். எதில் கரைத்தது என்பது சொல்லோடு சேர்ந்தே வர வேண்டும்.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து, விஞ்ஞான ஆசிரியை

"சாரம்" எங்கட பக்கம் சரிவராது. இங்கே சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் கட்டுறது. "அதிமதுரச் சாரம்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பினம், பாடம் அதோடு போகும்.

கரைவடியில் எனக்கு ஒரு தயக்கம். "கரை", "வடி" இரண்டும் தனித்தனி ஏவல் மாதிரிக் கேட்குது. அடிதடி போல இரண்டு வேலையின் கூட்டுப்பெயராக விளங்கிக்கொள்ள இடமிருக்கு. "கரைவடிவம்" என்பதில் கடைசி இரண்டு எழுத்து விடுபட்டதாகவும் நினைக்கலாம். "வடிசத்து" என்றால் கேட்ட உடனே விளங்கும்.

மடல் 5: மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து

"இறக்கு" என்ற வினையை யாரும் எடுக்கவில்லையே. "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?" என்று காலையில் கேட்காத வீடு குறைவு. நமக்கு இந்தச் செயலுக்கு வாயில் இருக்கும் சொல் இறங்குதல்தான். "இறக்குசாறு" எப்படி?

மடல் 6: மருந்தாக்கவியல் ஆசிரியர்

> "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?"

அழகான கவனிப்பு. கூடவே ஒரு செய்தி: காப்பி வடிகலத்தில் நடப்பது எங்கள் பாடப்படி டிகாக்‌ஷனே இல்லை. தூளைத் தண்ணீரோடு கொதிக்கவைத்தால்தான் அது டிகாக்‌ஷன். தூள் படுகை வழியே சொட்டுச் சொட்டாக இறங்குவது பெர்கொலேஷன். ஆகவே "இறக்கு" என்ற வினையைப் பெர்கொலேஷனுக்குக் கொடுத்துவிடலாம்: "சொட்டிறக்கம்". கரைப்பானில் ஊறவைக்கும் மெசரேஷன் "ஊறல்". இரண்டு வழியிலும் கிடைக்கும் பொருள் கரைவடி. "இறக்குசாறு" என்றால் நாம் வெளியே அனுப்பிய சாறு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஆசிரியை அம்மாவின் "வடிசத்து" காதுக்கு இனிமைதான். ஆனால் சத்து என்றால் பொதுமக்களுக்கு ஊட்டம். கார்போகரிசி வடிசத்து என்று எழுதினால் சுடும் பொருளுக்கு ஊட்டப் பெயர் வைத்ததாகிவிடும். அடிதடி ஐயத்துக்கு விடை: "வடி" தனியே பெயர்ச்சொல்லாகவும் வழங்கும், வடித்தெடுத்தது என்ற பொருளில். முன்னால் எப்போதும் கரைப்பான் பெயர் வந்தால் குழப்பம் தீரும்: நீர்க் கரைவடி, எத்தனால் கரைவடி, எண்ணெய்க் கரைவடி. "சாராயக் கரைவடி" என்று தமிழ்ப்படுத்த வேண்டாம், பிள்ளைக்குப் பூசும் களிம்பின் உறையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் மிரள்வார்கள்.

கரைப்பானைச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக இல்லை. அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசின் தண்ணீரில் நன்றாக இறங்கும், குலுக்கினால் நுரைக்கும். அதே வேரிலுள்ள கிளாப்ரிடின் தண்ணீருக்கு அசையாது, எத்தனாலில் வரும். ஒரே வேர்தான், ஆனால் நீர்க் கரைவடியும் எத்தனால் கரைவடியும் இரண்டு வெவ்வேறு மருந்துகள். ஒன்றில் கண்ட பலனை மற்றதன் கணக்கில் எழுத முடியாது.

மடல் 7: மருத்துவ மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்துத் தோழியின் ஐயம் முழுதும் தீரவில்லை என்பது தெரிகிறது. அதனால் கையேட்டில் சொல் முதலில் வரும் இடத்தில் "கரைவடி, அதாவது கரைத்து வடித்துச் செறிவாக்கியது" என்று விரித்தே எழுதுகிறேன்.

நோயின் பெயர் "கரப்பான்" என்றே இருக்கும், முதல் இடத்தில் மட்டும் எக்சிமா என்றும் சொல்லிவிடலாம். "சிரங்கு", "படை" வேண்டாம். முன்னதைச் செள்ளு துளைத்து வரும் சொறியாகவும் பின்னதைப் படர்தாமரையாகவும் எடுத்துக்கொண்டு வேறு மருந்து தேடுவார்கள்.

"மூலிகைக் களிம்பு" என்ற சொல்லுக்கும் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். 1999-இல் பிரிட்டனில் தோல் நோய்க்கான 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 8-இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. எந்தக் கரைவடி, எந்த விகிதம், எந்தக் கரைப்பான் என்று உறையில் எழுதாத களிம்பு இரண்டே நாளில் மாயம்போல ஆற்றினால் சந்தேகப்பட வேண்டும்.

மாதிரி வரிகள் கீழே, திருத்துங்கள்:

"அதிமதுர வேர், தூய எத்தனால் கரைவடி (5:1), கரைப்பான் எத்தனால் 70%. 100 கிராம் களிம்பில் 2 கிராம். முதலில் முன்கையின் உட்புறத்தில் நல்ல தோலில் பட்டாணி அளவு பூசி இரண்டு நாள் பார்க்கவும். சிவந்தாலோ அரித்தாலோ கழுவிவிட்டு நிறுத்தவும். நீர் வடியும் இடத்திலும் மஞ்சள் பொருக்குத் தட்டிய இடத்திலும் பூச வேண்டாம், மருத்துவரிடம் காட்டவும்."

மார்க்கர் காம்பவுண்ட், அதாவது மூலிகையை இனங்காண அளந்து பார்க்கும் சேர்மம், என்பதற்கு "அடையாளச் சேர்மம்" என்று போட்டிருக்கிறேன். "சுட்டுச் சேர்மம்" சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கார்போகரிசிக்குப் பக்கத்தில் "சுட்டு" என்று வந்தால் சுட்ட பொருள் என்று படித்துவிடுவார்களோ என்று யோசிக்கிறேன். வைத்தியர் ஐயா சொல்லுங்கள்.