ஆன்டிகனி நாடகத்துக்கு மலையடிவாரத்தில் அரங்கு அமைத்தல்: ஆலோசனை தேவை

கேள்வி (கல்லூரி நாடகக் குழு, சேலம்)

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஒரு திறந்தவெளியில், பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய ஆன்டிகனியை வருகிற தை மாதம் தமிழில் நடத்த இருக்கிறோம். அரங்க அமைப்பு என் பொறுப்பு. பார்வையாளர்கள் வடக்கே சேர்வராயன் மலையைப் பார்த்தபடி தரையில் அமர்வார்கள். பின்புறம் தெர்மாகோலில் ஆறு வெண்தூண்கள், அவற்றின் முன்னே படிக்கட்டு, மேடையின் முன் ஓரத்தில் மன்னன் கிரியோனின் ஆணையால் அடக்கம் செய்யப்படாத, ஆன்டிகனியின் அண்ணன் பாலினைசீஸின் உடலாக ஓர் உருவம் என்று வரைந்திருக்கிறேன். தூண்கள் இல்லாவிட்டால் இது கிரேக்க நாடகம் என்றே யாருக்கும் தோன்றாது என்பது இயக்குநரின் கருத்து. எனக்கோ, தூண்கள் மலையை மறைப்பதும் நடிகர்களை ஒரு பட்டை இடத்துக்குள் ஒடுக்குவதும் உறுத்துகிறது. பணம் குறைவு, வேலை செய்ய ஆட்கள் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மறுமொழி 1 (நாடக வரலாறு கற்பிப்பவர், ஏற்காடு)

தூண்களை விட்டுவிடுங்கள். கி.மு. 441ஆம் ஆண்டையொட்டி இந்த நாடகம் ஏதென்ஸில் அரங்கேறியபோது, அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவிலிருந்த தியோனிசஸ் அரங்கில் நடிகர்களுக்குப் பின்னால் நின்றது மரத்தாலான ஒரு கட்டடம்தான். அந்த அரங்கு கல்லால் முழுமையடைந்தது அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், ஏதென்ஸின் அரசியல் தலைவர் லைகர்கஸ் காலத்தில். கிரேக்கக் கோயில்களும் சிலைகளும் வண்ணம் பூசப்பட்டவை என்பதால், நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்த வெண்மைகூடப் பூச்சு உதிர்ந்த இடிபாடுகளைப் பார்த்துப் பழகியதன் விளைவே. அரங்கின் பின்னணியில் காட்சி தீட்டும் திரைச்சித்திரத்தைக் கொண்டுவந்தவர் சோஃபக்ளீஸ் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். அவருக்கு மூத்த நாடகாசிரியர் ஈஸ்கிலஸுக்காக ஓவியர் அகதார்க்கஸ் வரைந்தார் என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ். ஆகவே சுவருக்கு வண்ணம் தீட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியவை ஒரு வட்டத் தரை, ஒரு கதவு, இருபுறமும் இரண்டு வழிகள். கையிலுள்ள பணத்தைக் கதவுக்குச் செலவிடுங்கள். கிரியோன் அதன் வழியே வெளிவருகிறான். ஆன்டிகனியின் சகோதரி இஸ்மினி அதன் வழியே இழுத்துவரப்படுகிறாள். மகன் ஹேமன் இறந்த செய்தியைக் கேட்ட கிரியோனின் மனைவி யூரிடிசி ஒரு சொல்லும் பேசாமல் அதன் வழியே உள்ளே போகிறாள். பிறகு அதே கதவு திறக்கும்போது அவளுடைய உடலைத்தான் காண்கிறோம். இந்த நாடகத்தில் ஒருவரும் நம் கண் முன்னால் சாவதில்லை. உள்ளே என்ன நடக்கிறதோ என்ற பதைப்பை அந்தக் கதவு தாங்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் பாலினைசீஸின் உருவம் வேண்டாம் என்கிறேன். அவன் உடல் ஊருக்கு வெளியே, நம் பார்வைக்கு அப்பால் கிடக்கிறது; காவலன் வந்து சொல்லச் சொல்ல நாம் அதைக் கற்பனையில் காண்கிறோம். முன்வரிசைக்கு எதிரே ஒரு பொம்மை கிடந்தால் காவலனின் பேச்சுக்கு வேலையே இருக்காது.

மறுமொழி 2 (தெருக்கூத்துக் கலைஞர், மேச்சேரி)

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் உடலைக் காட்டினால் கற்பனை கெடும் என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் படுகளத்தன்று துரியோதனன் மண்ணுருவாகப் பரந்து கிடக்கிறான்; அதைச் சுற்றி நிற்கும் சனங்களின் உள்ளம் அதனால் சுருங்கிப்போவதில்லை. எனினும் இந்த நாடகத்துக்கு உடலைவிட மண் முக்கியம் என்று படுகிறது. ஆன்டிகனி அண்ணன்மேல் தூவுவது வறண்ட புழுதி. ஆகவே இடப்புற வழியைப் போர்க்களம் இருக்கும் திசையாகக் கொண்டு, அதில் சலித்த செம்மண்ணைக் கணுக்கால் புதையக் கொட்டி வையுங்கள். வலப்புறத்தை ஊர்வழியாகக் கொண்டு கடப்பைக் கல் பாவுங்கள். காவலன், பிடிபட்ட ஆன்டிகனி, இறுதியில் ஹேமனின் உடலுடன் கிரியோன் என்று களத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரும் காலில் புழுதியோடு வட்டத்துக்குள் வருவார்கள். நாடகம் முடிவதற்குள் அரண்மனை வாசல்வரை அந்த மண் ஏறியிருக்கும். தெர்மாகோல் தூணால் இதைச் சொல்ல முடியாது.

தம்பி, இன்னொன்று. மாலையில் நடத்தத் திட்டமிட்டிருந்தால் மறுபடி யோசியுங்கள். ஆன்டிகனியும் இஸ்மினியும் விடியுமுன் பேசுகிறார்கள். அதன்பின் ஊர் முதியோராக வரும் பாடற்குழு சூரியக் கதிரை வரவேற்றுப் பாடிக்கொண்டே வருகிறது. நம் கூத்து விடியலில் முடிகிறது, இது விடியலில் தொடங்குகிறது. தை மாதத்தில் இங்கே ஏறத்தாழ 6.40 மணிக்குச் சூரியன் தென்கிழக்கில் எழும். வடக்கு நோக்கி அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் அது படாமல், வலத்தோளுக்குப் பின்னிருந்து சாய்வாக நடிகர் முகத்திலும் கதவிலும் விழும். முதற்காட்சி பத்து நிமிடம் என்று கொண்டு 6.30க்குத் தொடங்குங்கள். விளக்கு வாடகையும் மிச்சம். குழுவினர் ஊர்வழியே வந்து, கிழக்கே திரும்பி நின்று பாடட்டும்.

மறுமொழி 3 (தச்சுப் பணியாளர், அம்மாபேட்டை)

கதவு நிலை 9 அடி உயரமும் 5 அடி அகலமும் இருக்கட்டும். சுவருக்குச் சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, மூங்கில் தட்டி அறைந்து, மேலே செம்மண் பூசுங்கள். மலையடிவாரத்தில் காற்று திடீரென்று அடிக்கும் என்பதால் தட்டியை நெருக்கிப் பின்னாமல் காற்றுப் போக இடைவெளி விடுங்கள், பூச்சால் அதை அடைத்துவிடாதீர்கள். பின்புறம் சாய்வுக் கால் கொடுத்து, ஒவ்வொரு காலின்மேலும் மணல் மூட்டை வையுங்கள்.

யூரிடிசியின் உடலை வெளிக்கொணர, கிரேக்க அரங்கில் எக்கிக்ளேமா என்ற சக்கர மேடை இருந்ததாகப் படித்திருக்கிறேன். 4 அடிக்கு 6 அடியில் பலகை மேடை செய்து அடியில் சக்கரம் பூட்டலாம். வெறும் தரையில் அது சிக்கும் என்பதால் இரண்டு இரும்பு ஆங்கிளைக் கவிழ்த்துத் தண்டவாளமாகப் பதியுங்கள். நிலம் பார்வையாளர் பக்கம் சரிந்திருந்தால் மேடை தானாக ஓடிவிடும். அதற்குத் தடைக்கட்டையும், பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விடியற்காலைக் காட்சிக்கு இயக்குநர் உடனே இசைந்தார். அதன்பின் தூண்களைப் பற்றி அவர் பேசவில்லை. வட்டத்தை 30 அடி குறுக்களவில் வரையப் போகிறோம். கிரேக்கத்தின் பழைய எபிடாரஸ் அரங்கின் வட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் என்றாலும், எங்கள் பாடற்குழுவிலும் சோஃபக்ளீஸின் வழக்கப்படி 15 பேர்தான் என்பதால் இது போதும் என்று நினைக்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: வாசல்வரை புழுதி ஏறினால் தண்டவாளம் என்ன ஆகும்?

மறுமொழி 3 (தச்சுப் பணியாளர்)

நியாயமான கேள்வி. தண்டவாளத்தை வாசற்படிக்கு வெளியே 6 அடிக்கு மேல் நீட்டாதீர்கள். அந்த நீளத்துக்கு மட்டும் தரையை நான்கு அங்குலம் உயர்த்திப் பலகைத் திண்ணை போட்டு, அதன்மேல் ஆங்கிளைப் பொருத்துங்கள். நடப்பவர் காலிலிருந்து மண் பெரும்பாலும் திண்ணை விளிம்பிலேயே உதிர்ந்துவிடும். சக்கரத்துக்கு கிரீஸ் தடவாதீர்கள், புழுதி அதில் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும்.