வாய் வரை வருகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக அதே சம்பளம். வேலையை விட்டுப் போனவரின் பொறுப்பும் இப்போது என் தலையில்தான். நேற்று துணிந்து மேலாளர் அறைக்குள் போனேன். "என்ன விஷயம்?" என்று அவர் நிமிர்ந்ததும், "ஒன்றுமில்லை சார், ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதை அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது!

வீட்டிலும் இதே கதைதான். "பாத்திரம் நிறைய கிடக்கு" என்பேனே தவிர, "கொஞ்சம் கழுவிடேன்" என்று வாயில் வராது. அப்புறம் யாருக்கும் புரியவில்லையே என்று கோபம் வேறு.

சம்பள உயர்வை நேரடியாகக் கேட்டு வாங்கியவர்கள் சொல்லுங்கள்: முதல் வாக்கியம் என்ன? தொகையை நீங்களே சொன்னீர்களா, அவர்கள் சொல்லட்டும் என்று விட்டீர்களா? "தைரியமாகக் கேளுங்கள்" மட்டும் வேண்டாம், அது எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மறுபடி போகப் போகிறேன்.